நிகோட்டின் சூயிங்கம்: ஒரே பொருள், இரண்டு முயற்சிகள்

மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கத்தை நான் இரண்டு முறை வாங்கி, இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். 18 ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 சிகரெட் புகைத்து வந்தவன் நான். முதல் முறை, சிகரெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்குத் துணையாக அதை மென்றேன். நான்காவது மாதம் முடிவதற்குள் பழைய 15க்கே திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை, ஒரு நாளைக் குறித்து, அன்றோடு சிகரெட்டை அடியோடு நிறுத்திவிட்டு, நிகோட்டினை மட்டும் சூயிங்கத்தின் வழியே படிப்படியாகக் குறைத்தேன்; 14 மாதங்களாக ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பொருள் ஒன்றுதான் என்பதால், வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதல் முயற்சியின்போது வாரத்துக்கு ஒரு சிகரெட்டைக் குறைப்பது என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தேன். 15இலிருந்து 9 வரை இறங்குவது எளிதாகவே இருந்தது, ஏனென்றால் அந்த ஆறும் பழக்கதோஷத்தில் பற்றவைத்தவை. டீக்கடையில் நண்பர் நீட்டியதால் வாங்கியவை. 6க்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. மிஞ்சியிருந்த ஒவ்வொரு சிகரெட்டும் அந்த நாளின் முக்கியமான நிகழ்ச்சியாகிவிட்டது. அடுத்தது எத்தனை மணிக்கு என்ற கணக்கு காலையில் கண் விழித்ததிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. முன்பு பாதியில் எறிந்தவற்றை இப்போது பஞ்சு சூடாகும்வரை, ஆழமாக இழுத்துப் புகைத்தேன். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் தம்மையறியாமலே இப்படி இழுப்பைக் கூட்டி, உடல் கேட்கும் நிகோட்டின் அளவைச் சரிக்கட்டிக்கொள்வதுண்டு என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நாட்காட்டியில் இருந்த கடைசி நாளும் இரண்டு முறை தள்ளிப்போனது: ஒரு முறை அலுவலகத் தணிக்கைக்காக, மறுமுறை தங்கையின் திருமணத்துக்காக.

அப்போது சூயிங்கத்தை நான் பயன்படுத்திய விதமும் தவறானது. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே இருந்த தாளில் ஆங்கிலம் எறும்பு ஊர்வதுபோல அச்சாகியிருந்தது. சாதாரண மிட்டாயைப்போல வேகமாக மென்று எச்சிலை விழுங்கினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன, புகைக்கும் ஆசை மட்டும் போகவில்லை. இது வெறும் ஏமாற்று என்று முடிவுகட்டி, மீதி அட்டைகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்த முடிவு நியாயமற்றது.

இந்தச் சூயிங்கத்தில் நிகோட்டின் ஒரு பிசினோடு பிணைந்திருக்கிறது. மெல்லும்போது அது பிரிந்து, வாயின் உட்புறச் சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கப்படும் நிகோட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் அது பயன்படாமல் போவதோடு, வயிற்றையும் தொந்தரவு செய்கிறது. ஆகவே மெதுவாகச் சில முறை மென்று, மிளகு போன்ற காரமோ நாக்கில் சுறுசுறுவென்ற உணர்வோ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, வாயின் வேறோர் இடத்தில் ஒதுக்க வேண்டும். ஒரு வில்லை இப்படி அரை மணி நேரம் வரும். வெற்றிலையை அடக்கிப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியிராது. மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைத் தவிர்ப்பதும் முக்கியம், ஏனென்றால் எச்சிலில் அமிலத்தன்மை கூடினால் நிகோட்டின் சவ்வைக் கடப்பது குறைந்துவிடும். முதல் முயற்சியில் நான் காபி குடித்த கையோடுதான் ஒவ்வொரு வில்லையையும் வாயில் போட்டேன்.

இரண்டாம் முயற்சிக்கு முன் சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தேன். மத்திய அரசின் இந்தச் சேவை 2016இல் தில்லியில் தொடங்கப்பட்டது; பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உள்ளிட்ட மையங்களும் சேர்க்கப்பட்டதால் தமிழிலும் பேச முடிகிறது. பேசிய ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், எந்த இடத்தில், யாரோடு என்று கேட்டு, கடைசியில், "எந்தத் தேதி சார்?" என்றார். குறைத்துக்கொண்டே வருகிறேன் என்று நான் இழுத்தபோது, "குறைக்கலாம் சார், ஆனா நிறுத்துற தேதி ஒண்ணு இருக்கணும்ல" என்றார். ஒன்பது நாள் கழித்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். அந்தத் தேதிக்குப் பிறகும் அவர்களாகவே அழைத்து விசாரித்தார்கள். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சேவையைப் பற்றிப் புகைப்பவர்கள் பலரும் அறியாமல், அந்த எண் அச்சிட்ட பெட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடியபோது, பிரிட்டனில் 697 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு கண்ணில் பட்டது. ஒரு குழுவினர் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மற்றொரு குழுவினர் அந்த நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான்கில் மூன்று பங்கைக் குறைத்துவிட்டு நிறுத்தினார்கள். இரு குழுவினருக்கும் நிகோட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. நான்கு வாரம் கழித்து முதல் குழுவில் 49 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 39 விழுக்காட்டினரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அது 22 ஆகவும் 15.5 ஆகவும் குறைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019இல் வெளியான, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வுரையோ இரண்டு வழிகளுக்கும் இடையே தெளிவான ஏற்றத்தாழ்வு இல்லை என்கிறது. எனவே படிப்படியாகக் குறைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரிட்டன் ஆய்வில் குறைத்தவர்களுக்கு இரண்டே வாரம்தான் இருந்தது, அதன் முடிவில் அசையாத ஒரு தேதியும் இருந்தது. என் நாட்காட்டியில் இருந்தவை நழுவிக்கொண்டே போகும் 15 வாரங்கள்.

என் அனுபவத்தில் படிப்படியான வழி பலித்தது சிகரெட்டில் அல்ல, சூயிங்கத்தில்தான். இழுத்த புகையிலிருந்து நிகோட்டின் மூளையை எட்டச் சில நொடிகளே போதும். அந்த வேகம்தான் பழக்கத்தைக் கெட்டிப்படுத்துகிறது. சூயிங்கத்திலிருந்து அது மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட அரை மணி நேரமாவது ஆகிறது. நெருப்பில்லை, புகையில்லை, டீக்கடைத் தோழமையும் இல்லை. இந்தப் பொருளின் பிறப்பே இதைச் சொல்கிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத சுவீடன் மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்ததை அறிந்துதான், அந்நாட்டின் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர் 1960களின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கினார். புகை முற்றிலும் அடைபட்டவர்களின் தவிப்புக்காகப் பிறந்த பொருளை, நான் இரண்டு சிகரெட்டுகளுக்கு இடையில் கொறிக்கும் தீனியாக்கியிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிந்தைய மூன்று நாட்கள் கடுமையானவை: எரிச்சல், கவனமின்மை, காரணமில்லாத கோபம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வில்லை, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற வழக்கமான அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். நாளுக்குப் பத்து வில்லையில் தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் இரண்டுக்கு வந்தேன். சிகரெட்டில் 6இலிருந்து 5க்கு இறங்கப் பட்ட பாட்டை நினைத்தால், வில்லையில் 6இலிருந்து 5க்கு இறங்கியதே எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் பையில் அட்டை இல்லை என்பதை மாலையில்தான் கவனித்தேன்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நிறுத்திய முதல் வாரம் தூக்கமே வரவில்லை, படபடப்பாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் வழக்கமான என் நான்கு டம்ளர் ஃபில்டர் காபி. சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் நொதி தணிந்து, அதே காபி உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது. காபியை இரண்டு டம்ளராக்கிய பிறகு உறக்கம் திரும்பியது.

குறைகளும் உண்டு. ஒரு வில்லை ஏறத்தாழ ஒரு சிகரெட்டின் விலைக்கு நெருங்கி வருவதால், முதல் ஆறு வாரங்களில் மிச்சம் பெரிதாக எதுவும் இல்லை. தாடை வலிக்கும், பல்செட் அணிந்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். புதினாச் சுவை பரவாயில்லை, பழச்சுவை எனக்குத் திகட்டியது. பழச்சுவை வில்லையைக் குழந்தைகள் மிட்டாயென்று எடுத்துவிடக் கூடும் என்பதால் வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் வில்லை தேவைப்படலாம். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் 2 மில்லிகிராமைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் முதல் தடவையே மொத்தமாக வாங்க வேண்டாம். இரண்டு அட்டைகள் போதும். அவற்றையும் சிகரெட்டை நிறுத்தும் தேதியை வீட்டாரிடம் சொன்ன பிறகு வாங்குங்கள்.