தேன்பெட்டியோடு ஐந்து வருடம்: வாங்கியது பிப்ரவரியில், புரிந்தது ஜூனில்

2020 பிப்ரவரியில் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். மேல்தட்டு முழுக்கத் தேன். பெட்டிக்கு வருசம் 15 கிலோ நிச்சயம் என்றார் விற்றவர். ஈயோடு சேர்த்து ஒன்று 2,000 ரூபாய் என்று இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டாதான், "பிள்ளே, வாங்குனா ரெண்டா வாங்கு. ஒண்ணுக்கு ஒண்ணு தொணை" என்றார். அதற்கு அர்த்தம் தெரிய ஏழெட்டு மாதம் ஆனது.

எங்கள் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். பூவிலிருந்து வருவதென்று நானும் நம்பியிருந்தேன். மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் தேன் சுரக்கும். ஈக்கு அதுதான் விருந்து. ஆறேழு வாரம் நீடித்தால் அதிர்ஷ்டம். எந்தப் பண்ணையிலும் அந்தச் சமயத்தில்தான் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். மழைக்காலத்தில் எவரும் காட்ட மாட்டார்கள்.

முதலில் பெட்டி. நியூட்டன் பெட்டி என்பார்கள். 1910-களில் திருச்சியில் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்த பாதிரியாரின் பெயர் அது. கீழே புழு அறை, மேலே உயரம் குறைந்த தேன் அறை. பெட்டி சின்னது, தனியாளாகத் தூக்கலாம். நம் இந்தியத் தேனீக்கு இது போதும். இத்தாலியத் தேனீக்கு வேறு பெரிய பெட்டி வேண்டும்.

எனக்குக் கிடைத்தவை ரப்பர் பலகையில் செய்தவை. இரண்டாவது மழையில் அடிப்பலகை உளுத்து, மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அப்புறம் ஊர் ஆசாரியிடம் அயனிப் பலகையில் இரண்டு செய்யச் சொன்னேன். பெட்டி இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் உள்ளே ஈ அடை கட்டுகிற மரச்சட்டங்களுக்கு நடுவே அவர் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டுவிட்டார். ஈ நடக்கிற அளவுக்கு மேல் இடம் இருந்தால் அது சும்மா விடாது, அடை கட்டி நிரப்பிவிடும். சட்டங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தெடுக்கையில் பாதிப் புழு நசுங்கியது. ஆசாரிக்கு வாயால் அளவு சொல்லாதீர்கள், நல்ல சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய அடுத்த மாதமே ஊரடங்கு. வேறு வேலை இல்லை, தினமும் பெட்டியைத் திறப்பேன். ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, இன்றைக்கு எத்தனை சட்டம்! பாட்டா வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போடுவார், "தொறந்து தொறந்து பாத்தா வெறுத்துப் போயிரும்." ஜூன் முதல் வாரம் ஒரு பெட்டியில் ஈயே இல்லை. காலி அடையில் மெழுகுப்பூச்சியின் புழு வலை பின்னிக்கொண்டிருந்தது. நம் தேனீக்குக் கோபம் வந்தால் கொட்டுவதைவிட ஊரைவிட்டுப் போவதுதான் வழக்கம். பசி, எறும்பு, தொந்தரவு, இதில் எது இருந்தாலும் போதும். நான் மூன்றையும் கொடுத்திருந்தேன்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத காலையில், ஐந்து நிமிடம். ராணியைத் தேடுவதில்லை. முட்டை கண்ணில் பட்டால் மூடிவிடுவேன், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அந்த ஆடியில் ஓடிப்போன ஒரு கூட்டம் பலாமரத்தில் தொங்கியது. பாட்டா பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார். அதனால் மறுபடி இரண்டு. புரட்டாசியில் பழைய பெட்டியில் முட்டையே இல்லை, சின்னப் புழுவும் இல்லை. ராணி போய்விட்டாள். ஒற்றைப் பெட்டியாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ஈயை உதறிவிட்டு, இங்கே மாற்றி வைத்தோம். இரண்டு நாளில் நிலக்கடலை மாதிரி ராணி அறை தொங்கியது. நாலாவது வாரம் புது முட்டை. இன்னும் தாமதித்திருந்தால் பணி ஈக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கும். ஒரே அறையில் மூன்று நாலு முட்டை கிடக்கும், எல்லாமே ஆண் ஈயாகத்தான் பொரியும். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தேற்றுவது பெரும்பாடு.

எறும்புக்கு, பெட்டிக் காலின் கீழே தண்ணீர் ஊற்றிய சிரட்டை வைத்தேன். அதில் ஒரு இலை விழுந்தாலே எறும்புக்குப் பாலம். இப்போது இரும்புக் கால், அகலமான டப்பா, தண்ணீர் மேல் கொஞ்சம் பழைய எண்ணெய்.

மழைக்கால உணவு சீனிப்பாகு. ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து, இருட்டும் நேரத்தில்தான் உள்ளே வைக்க வேண்டும். பகலில் சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்க வந்துவிடும். சிரட்டையில் ஊற்றி நாலு குச்சி மிதக்கவிட்டால் ஈ முங்கிச் சாகாது. ஐந்து பெட்டிக்கு ஒரு மழைக்காலத்தில் 18 கிலோ சீனி ஆகிறது. வாங்கும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. தேன் வரத்து தொடங்கும் முன்பே பாகை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் எடுப்பது தேன் அல்ல.

முகவலை கட்டாயம். கையுறையை இரண்டே வாரத்தில் விட்டேன், அது போட்டால் விரலுக்கு நிதானம் தெரியாமல் ஈ நசுங்குகிறது. ஈயை அடக்கப் போடும் புகைக்குக் காய்ந்த கதம்பை (தேங்காய் மட்டை) போதும். அடையைச் சுற்றித் தேன் பிரிக்கும் மிஷினை முதல் வருடமே வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் கேளுங்கள்.

கொட்டு வாங்காத மாதம் இல்லை. ஒருமுறை தலையில் பிச்சிப்பூவோடு போய், கூந்தலுக்குள் மூன்று மாட்டிக்கொண்டன. கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எறிந்துவிடுங்கள். கொட்டின இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும், மற்ற ஈக்களுக்கு அதுதான் அபாயச் செய்தி. கொட்டு வாங்கி உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

நோய் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 1991, 92-ஐச் சொல்வார்கள். தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் வந்து புழுவெல்லாம் நீர் நிறைந்த பை போலாகிச் செத்தது. காலிப் பெட்டிகளைக் கூரைக்கு மேல் அடுக்கிவைத்தோம் என்பார் பாட்டா. மருந்து கிடையாது. என் பெட்டியில் ஒருமுறை சந்தேகம் வந்தபோது அந்த அடைகளை எரித்துவிட்டேன்.

கடைசியாகத் தேன். முதல் வருடம் மொத்தமே 2 கிலோ. அடுத்த வருடம் 9. ஒரு வருடம் தளிர் வந்த சமயம் மழை பிடித்துக்கொண்டது, ஒன்றுமே இல்லை. 2024-ல் நாலு பெட்டியில் 34 கிலோ. விற்றவர் சொன்ன 15 கிலோவை நான் இன்னும் பார்க்கவில்லை. அடையின் அறைகளில் முக்கால்வாசியை ஈ மெழுகால் மூடிய பிறகே எடுக்கிறேன். அவசரப்பட்டு எடுத்த இரண்டு பாட்டில் நுரைத்துப் புளித்ததில் வந்த புத்தி. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். வாங்கின அக்கா ஒருவர் "சீனி போட்டிருக்கியளா?" என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து இளக்கிக் காட்டியும் முழுசாக நம்பவில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஜூலையில் ஒரு பண்ணைக்குப் போய், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.

இப்போது ஐந்து பெட்டி. ஆறாவது, ஆசாரி செய்த இரண்டில் ஒன்றுதான், இடைவெளியைச் சரிசெய்து, உள்ளே பழைய மெழுகு தேய்த்துப் பலாமரத்தடியில் காலியாக வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து ஏழெட்டு ஈ வாசலில் நுழைந்து நுழைந்து பார்த்துவிட்டுப் போகின்றன. கிட்டே போகாதே என்று பாட்டா சொல்லியிருக்கிறார்.