புனைபெயரா, சொந்தப் பெயரா: இரண்டிலும் எழுதிப் பார்த்தவனின் கணக்கு

ஆறு வருடம் இணையத்தில் புனைபெயரில் எழுதினேன். இரண்டு வருடமாகச் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். எது நல்லது என்று கேட்டால் என் சாய்வு சொந்தப் பெயர் பக்கம்தான்.

புனைபெயரின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. மேலாளர் கண்ணில் படாது, சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பிடித்துக் கேட்க மாட்டார்கள். தமிழுக்கும் அது புதிதில்லை, சொ. விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன். ஆனால் புதுமைப்பித்தன் யாரென்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் செய்வது ஒளிந்துகொள்வது, அது வேறு.

ஒளிந்துகொண்டால் அதைப் பராமரிக்க வேண்டும். பலரும் யோசிக்காதது இதைத்தான். தனி மின்னஞ்சல், தனி சிம். அந்த சிம்மை மூன்று மாதம் தொடாமல் போட்டுவைத்தால் நம்பர் பறிபோய் வேறு யாருக்காவது போய்விடும், அப்புறம் ஓடிபி அவருக்குத்தான் வரும். கைபேசியில் தொடர்பு எண்களைப் பார்க்க அந்தச் சமூக ஊடகச் செயலிக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று நம் கணக்கை மச்சானுக்கே காட்டிக்கொடுக்கும். படம் போடுமுன் கடைப் பலகையை வெட்ட வேண்டும், வண்டி நம்பரை மறைக்க வேண்டும், படத்துக்குள் இருக்கும் இருப்பிடத் தகவலை நீக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் பழகிவிடும். மொழியை மறைப்பதுதான் பழகவே இல்லை. நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்து மழைநாள் ஒன்றைப் பற்றி எழுதும்போது ஞாபகம் என்று போடாமல் 'நல்ல ஓர்மை இருக்கு' என்று எழுதிவிட்டேன். அன்று ராத்திரியே கூடப் படித்தவன் இன்பாக்ஸில் வந்து, "மக்கா, இது நீதானலே?" என்றான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவிலும் ஊர்ச்சொல் இருக்கிறதா என்று தேடித் தேடித் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். மனதில் பட்டதை என் பேச்சில் சொல்லத்தான் எழுத வந்தேன், கடைசியில் எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத ஒருவனைப் போல எழுதிக்கொண்டிருந்தேன். நான் பெயரை மாற்றியதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, நம்பிக்கை. இப்போது குடியிருக்கும் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்து வந்ததைப் புனைபெயரில் எழுதியபோது, 'ஃபேக் ஐடி' என்று ஒரே வார்த்தையில் ஒருவர் முடித்துவிட்டார். அடுத்த கோடையிலும் அப்படியே வந்தது. சொந்தப் பெயரில், தெருப் பெயரோடு, வாளித் தண்ணீரைப் படமெடுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரையும் படமெடுத்துக் கீழே போட்டார்கள். பிறகு குழாய் தோண்டிச் சரிசெய்யப்பட்டது. பதிவால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சட்டம் வந்தால் புனைபெயர் காப்பாற்றும் என்பதையும் நான் நம்பவில்லை. போலீஸ் முறைப்படி கேட்டால் நம் நம்பரும், எந்த இணைப்பிலிருந்து எழுதினோம் என்று காட்டும் ஐபி முகவரியும் அவர்கள் கைக்குப் போய்விடும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் ஒன்பதாவது விதி, பெயர் போடாமலோ புனைபெயரிலோ அரசை விமர்சித்தாலும் தவறு என்றே சொல்கிறது.

அதே நேரம், சொந்தப் பெயரில் எழுதியவர்கள் பட்டதையும் மறைக்கக் கூடாது. 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டு எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். அப்படிக் கைது செய்யக் கைகொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஆனால் செத்துப்போன அதே பிரிவில் வழக்குகள் தொடர்ந்து பதிவாவதைப் பார்த்து, 2021-இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவிக்க வேண்டியிருந்தது. பேச்சுரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது, காவல் நிலையத்துக்கு அது வந்து சேர நாளாகிறது.

நான் ஆண், தனியார் வேலை, மிரட்டல் என்று பெரிதாக எதுவும் வந்ததில்லை. பெண்களுக்கும், சாதியைப் பற்றி எழுதி ஊரில் அடி வாங்கக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும் என் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. என் தங்கை சொந்தப் பெயரில் மூன்று மாதம்தான் எழுதினாள். வந்து விழுந்த மெசேஜ்களை என்னிடம் காட்டிவிட்டுப் புனைபெயருக்குப் போய்விட்டாள். அவளை மாறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த சிம் காலாவதியாகாமல் ரீசார்ஜ் போடுவதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.