மண்டபத்துக்கு ஏசி போடுகிறவர்களே, மெஷினை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

மொட்டைமாடியில் கூலிங் டவர் வைத்து ஓடும் வாட்டர் கூல்டு ஏசி போடப் போகிறீர்களா? கோட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேலம் பக்கம் எங்கள் குடும்பக் கல்யாண மண்டபத்துக்கு 10 டன் யூனிட் 4 வாங்கினோம். மெஷினில் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி, மாடல், வாரன்டி என்று 3 வாரம் அலைந்து விசாரித்த நான் குழாய் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அதெல்லாம் பிளம்பிங்தானே சார், நம்ம பசங்க முடிச்சிடுவாங்க" என்றார் காண்ட்ராக்டர். முடித்துவிட்டார்கள்.

ஆவணி முகூர்த்தம், முதல் பந்தி உட்காருகிறது, கூடம் முழுக்கச் சாக்கடை நாற்றம். அம்மா நேராகச் சமையல்கட்டுக்குப் போய் மாஸ்டரைத் திட்ட, அவர் பாவம் பாத்திரம் கழுவும் இடத்தையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவினார், நாற்றம் அசையவில்லை. அப்புறம் ஏசி ரூம் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து கூடத்துக்குள் வந்தது. காண்ட்ராக்டருக்குப் போன் செய்தால் "கூட்டம் அதிகம் சார், நார்மல்தான்" என்கிறார். 11 மணிக்கு 2 யூனிட் ஹை பிரஷரில், அதாவது உள்ளே கேஸ் அழுத்தம் ஏறி, டிரிப் ஆகி நின்றன. மறுநாள் வந்து கேஸ் கம்மி என்று சொல்லி, கேஸ் அடித்துவிட்டு 14 ஆயிரம் வாங்கிக்கொண்டு போனார். ஹை பிரஷரில் நிற்கிற மெஷினுக்கு மேலும் கேஸ் அடிப்பது நிரம்பிய குடத்தில் மறுபடி ஊற்றுகிற வேலை என்று அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த முகூர்த்தத்திலும் இதே கதை. மாமா ஈரோட்டிலிருந்து ஒரு பழைய ஃபிட்டரைக் கூட்டி வந்தார். அவர் டூல் பையைக்கூடத் திறக்கவில்லை, "தம்பி, ஒரு ஊதுபத்தி கொண்டாங்க" என்றார். கழிவு சேம்பருக்குள் செருகியிருந்த டிரெய்ன் பைப்பை வெளியே இழுத்து, அதன் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை மேலே போகாமல் அப்படியே பைப்புக்குள் போனது! மெஷினுக்குள் ஃபேன் காற்றை இழுக்கிறது, ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு இருப்பது அந்த இழுக்கிற பக்கத்தில். பைப்பில் ஒரு யூ பென்ட் வைத்து அதில் தண்ணீர் நின்றால்தான் காற்று அடைபடும். அது இல்லாததால் சாக்கடைக் காற்று மேலே ஏறியது, தட்டுத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் வழிந்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி யூ பென்ட், அதற்கப்புறம் மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம், இவ்வளவுதான் விஷயம். ஆனால் மெஷினைத் தரையோடு தரையாக வைத்திருந்ததால் பென்ட் போட உயரமே இல்லை. நான்கையும் தூக்கி 6 அங்குல மேடை கட்டினோம், காற்று போகும் டக்டையும் பிரித்து மாட்ட வேண்டியதாயிற்று.

டிரிப்புக்குக் காரணம் வேறு. டவர் தண்ணீரை வடிகட்டி மெஷினுக்கு அனுப்பும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினார். வெல்டிங்கில் தெறித்த துணுக்கு, டெஃப்லான் டேப், மணல், ஒரு பீடித்துண்டு. அடைத்த 2 யூனிட்டுக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது, சூடு இறங்காமல் பிரஷர் ஏறியிருக்கிறது. மற்ற இரண்டில் ஸ்ட்ரெய்னருக்குள் வடிகட்டும் வலை, அதாவது ஜாலியே இல்லை! அடைப்புப் புகார் வரக்கூடாதென்று உருவி எடுத்திருக்கிறார்கள், அந்தக் குப்பை அத்தனையும், தண்ணீரால் கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குள் போயிருக்கிறது. குழாய்க்குள் குழாய் வைத்த காயில் அது, பிரஷ் விட்டுத் தேய்க்க முடியாது, கெமிக்கல் ஓட்டித்தான் கழுவினோம். புதிதாகப் போடும்போதே, முதலில் மெஷினை இணைக்காமல் சப்ளை, ரிட்டர்ன் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று மாட்டித் தண்ணீரை ஓட்டி, ஜாலியைக் கழுவி, அப்புறம்தான் மெஷினோடு சேர்க்க வேண்டுமாம். அரை நாள் வேலை. 10 டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 110 லிட்டர் ஓட வேண்டும், அதைச் சரிபார்க்க கேஜ் மாட்டும் பாயின்ட்கூட எங்கும் வைக்கவில்லை.

கடைசியாக டவர் லைனில் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே நீலக் கோடு. பில்லில் சி கிளாஸ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், கனமான ரகம்), அதற்குச் சிவப்புக் கோடு இருக்கணும், நீலம் என்றால் பி கிளாஸ். 50 மி.மீ. பைப்பில் 4.5 மி.மீ. கனத்துக்குக் காசு வாங்கி 3.6 போட்டிருக்கிறார் காண்ட்ராக்டர். பைப் வந்து இறங்கிய அன்றே பெயின்ட் அடித்தார்களே, எவ்வளவு சுறுசுறுப்பு என்று அப்போது நான் டீ வாங்கிக் கொடுத்தேன். உங்கள் வேலையில் பைப் இறங்கும்போதே கோட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பாக்கி 60 ஆயிரம் என்று காண்ட்ராக்டரிடமிருந்து வாரம் ஒரு தடவை இன்னும் போன் வருகிறது. ஸ்ட்ரெய்னரில் எடுத்த குப்பையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன், இன்னும் வரவில்லை.