கூகுள் ட்ரெண்ட்ஸும் கடைக் கொப்பியும்: மூன்று நல்லூர்த் திருவிழாக்களின் அனுபவம்

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் கடை. வறுத்துத் திரித்த கறித்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு, எள்ளுப்பாகு என்று விற்கிறோம். வாங்க வருகிறவர்களில் பலர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள், அல்லது விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள். கறித்தூளுக்குத் திரித்த சூட்டோடு இருக்கும் வாசம் கனநாள் நிற்காது. முந்தித் திரித்தால் பழசாகிவிடும், பிந்தினால் ஆட்கள் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் எப்போது கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள கூகுளில் ஆட்கள் எதை எப்போது தேடுகிறார்கள் என்று கோடு கீறிக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸை 2022 கடைசியிலிருந்து பார்த்து வருகிறேன்.

காசு எதுவும் கட்டத் தேவையில்லை. கைபேசியிலேயே பார்க்கலாம். 2004ஆம் ஆண்டு தொடக்கம் உள்ள தேடல்களை நாடு வாரியாகக் காட்டும். பல சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஆனால் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அந்த 100 என்ற எண். நீங்கள் தெரிவு செய்த காலத்துக்குள், தெரிவு செய்த இடத்தில், அந்தச் சொல் எப்போது உச்சத்தில் இருந்ததோ அதற்கு 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு அளவாகக் குறைத்துக் காட்டுகிறார்கள். எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர் என்னிடம் இதே கோட்டை விரித்து வைத்து, "பாருங்கோ, கேள்வி இரட்டிப்பாகியிருக்கு" என்று சொல்லிக் காசு கேட்டார். 50 என்பது 100 ஆனதை வைத்து எங்கள் கடைக்கு இரண்டு மடங்கு ஆள் வரும் என்று சொல்ல முடியாது. சின்னக் கடைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம்.

அடுத்த சிக்கல் எழுத்து. ஒடியல் கூழை ஒருவர் தமிழில் தேடுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாக, மூன்றாமவர் வேறொரு விதமாக எழுதுவார். ட்ரெண்ட்ஸ் இவற்றைத் தானாகச் சேர்த்துக் கணக்கிடாது. சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டு நாமே சேர்க்க வேண்டும். இது தெரியாமல் முதல் சில மாதங்கள் தமிழ் எழுத்தில் மட்டும் தேடி, எல்லாம் பூச்சியமாக வர, எங்கள் சாமானை யாரும் தேடுவதில்லை என்றே நினைத்துவிட்டேன். தேடல் குறைவாக இருந்தாலும் அது பூச்சியம் என்றுதான் காட்டும். வட மாகாணத்தை மட்டும் தனியே எடுத்தால் இன்றைக்கும் அநேகமான சொற்களுக்கு அப்படித்தான்.

2023இல்தான் நான் பெரிய பாடம் படித்தேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், கொடியேற்றம் ஆடி அமாவாசையை ஒட்டி வருவதால் ஆங்கிலத் திகதி வருடா வருடம் மாறும். 2022இல் ஆகஸ்ட் 2, 2023இல் ஆகஸ்ட் 21. ஆகவே போன வருட ஆகஸ்டையும் இந்த வருட ஆகஸ்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொருந்தாது. அதை நான் சரியாகத்தான் கவனித்தேன். கொடியேற்றத்தை முதலாம் நாளாக வைத்து நாட்களை எண்ணினேன். 2022இல் நல்லூர் பற்றிய தேடல் தேரை நோக்கி ஏறியிருந்தது. தேர் 24ஆம் நாள். அதன்படி 2023இல் செப்டெம்பர் 13. அந்தக் கிழமைக்கென்று வழமையை விடக் கூடுதலாக மிளகாயும் மல்லியும் வாங்கி வறுத்துத் திரித்தோம்.

தேருக்குச் சனம் வந்தது. கடைக்கு வரவில்லை. தீர்த்தமும் முடிந்து, பொதிகள் தட்டில் அப்படியே இருந்தபோது, எப்போதும் வாங்குகிற ஐயா ஒருவர் வந்தார். இந்த முறை கொடுத்துவிட ஒன்றும் வேண்டாமா என்று கேட்டேன்.

"பிள்ளை, எங்கடை ஆக்கள் எப்பவோ வெளிக்கிட்டிட்டினம். பெடியளுக்குப் பள்ளிக்கூடம் துவங்கீட்டுது. தேருக்கு நிக்கச் சொல்லிக் கேட்டனாங்கள், ஏலாமல் போச்சு."

கனடாவில் தொழிலாளர் நாள் செப்டெம்பர் முதல் திங்கள். ஒன்ராறியோவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம். பிரான்சிலும் இங்கிலாந்திலும் செப்டெம்பர் தொடக்கத்தில். கோடு பொய் சொல்லவில்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் வீட்டிலிருந்து தேரைப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் தேடியிருப்பார்கள்தானே. தேடுகிறவர் எல்லோரும் எங்கள் கடை வாசலில் நிற்கிறவர் அல்லர் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. மிஞ்சிய தூளை விலை குறைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. வாங்குகிறவரிடம் மூன்றே கேள்வி: ஆருக்கு, எந்த நாட்டுக்கு, எப்போது பயணம். பெயரோ தொலைபேசி இலக்கமோ எழுதுவதில்லை. எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள், சந்தோசமாகப் பேரப்பிள்ளையின் கதை வரைக்கும் சொல்வார்கள். ஒரு வருடம் எழுதிய பிறகு தெளிவாகத் தெரிந்தது: பெரும்பாலானோர் வாங்குவது வந்திறங்கிய கிழமையில் அல்ல, பெட்டி கட்டி நிறுக்கிற கடைசி இரண்டு மூன்று நாளில். எந்தத் தேடல் கோட்டிலும் இது தெரியாது.

கொப்பியோடு சேர்த்துப் பார்க்க வேறு இரண்டு இடங்களும் உதவுகின்றன. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மாதா மாதம் எந்த நாட்டிலிருந்து எத்தனை பயணிகள் வந்தார்கள் என்று வெளியிடுகிறது. அவர்களில் தமிழர் எத்தனை பேர், யாழ்ப்பாணம் வந்தவர் எத்தனை பேர் என்பது அதில் இல்லை, ஆனாலும் கனடாக்காரர் எந்த மாதம் கூடுகிறார்கள் என்று பார்க்கப் போதும். மற்றது பேஸ்புக்கின் விளம்பர நூலகம். யார் என்ன விளம்பரம் போடுகிறார்கள், அது எந்தத் திகதியில் தொடங்கியது என்று எவரும் பார்க்கலாம். ஒரு கடை ஒரே விளம்பரத்தை மாதக்கணக்காக ஓட்டினால் அதில் ஏதோ பலன் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் காட்டிய விளம்பரமென்றால் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்றும் போட்டிருப்பார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கத்துக் கடைகள் தூளை எப்படி விற்கின்றன என்று நான் பார்ப்பது அங்கேதான்.

2024இல் கொடியேற்றம் ஆகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1. பள்ளிக்கூடத் திகதிகளை முதலே எழுதி வைத்திருந்ததால் ஆகஸ்ட் மூன்றாம் கிழமையிலேயே திரித்தோம், தேருக்கு முன்னரே முடிந்துவிட்டது. 2025இல் ஜூலை 29 கொடி, ஆகஸ்ட் 21 தேர். இரண்டு நாட்காட்டியும் ஒன்றாகப் பொருந்தியது. தேர் பார்த்துவிட்டு, தீர்த்தமாடிவிட்டு, அதற்குப் பிறகு ஆறுதலாக வந்து வாங்கினார்கள். சிலருக்குக் கொடுக்கத் தூள் போதாமல் போனது, அது எனக்கு இன்னும் மனவருத்தம்.

ட்ரெண்ட்ஸை விடமாட்டேன். எந்தச் சாமானின் பெயர் புதிதாக அடிபடுகிறது, எந்த நாட்டில் என்ன எழுத்தில் தேடுகிறார்கள் என்று அறிய அதைப்போல் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எவ்வளவு மிளகாய் வாங்குவது என்று முடிவெடுக்க முதலில் கொப்பியைத்தான் திறக்கிறேன். இப்போது மொத்தமாகத் திரிப்பதும் இல்லை. திருவிழாக் காலத்தில் கிழமைக்கு இரண்டு தரம் அடுப்பு மூட்டுகிறோம். கடைச் சுவரில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஒன்ராறியோப் பள்ளிக்கூட நாட்காட்டியும் தொங்குகிறது.