இரும்புப் பெட்டியா, கான்கிரீட் பெட்டியா?

டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயைத் திருகிப் பாருங்கள், லேசில் முறுகாது. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுவிட்டுத் திருகினால் துணி மாதிரி வளையும். வளைவான பாலங்களில் ஐ கர்டரை (ஆங்கில I வடிவ உத்தரம்) விட்டு, நாலு பக்கமும் மூடிய பெட்டி வடிவ உத்தரமான பாக்ஸ் கர்டருக்குப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, அந்தப் பெட்டியை எதில் செய்வது?

எடையில் இரும்புக்குத்தான் ஜெயம். 1966இல் திறந்த பிரிட்டனின் செவர்ன் தொங்குபாலத்தில், 988 மீட்டர் இடைவெளியை உள்ளீடற்ற இரும்புப் பெட்டித் தளம்தான் கடக்கிறது. கான்கிரீட்டாக இருந்தால் தன் எடையைச் சுமக்கவே பாதி பலம் போயிருக்கும்.

ஆனால் மெல்லிய தகடு நெளியும். 1970 அக்டோபர் 15, மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலம். நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்த பெட்டியை மேலே ஏற்றிப் பொருத்தியபோது, ஒரு பாதி சுமார் 11 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது. அதை அமுக்க ஒவ்வொன்றும் 8 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டைகளை ஏற்றினார்கள். தகடு புடைத்துக்கொண்டது. புடைப்பை எடுக்க போல்ட்டுகளைக் கழற்றினார்கள். 112 மீட்டர் நீளத் துண்டு அப்படியே விழுந்து 35 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் வேல்ஸில் கிளெட்டாவ் பாலமும் கட்டும்போதே விழுந்து நான்கு பேரைக் கொன்றிருந்தது.

கான்கிரீட் பெட்டியின் சுவர் தடிமன், அப்படி நெளியாது. வேலையும் வசதி. பெட்டியைச் செக்மென்ட் என்னும் துண்டுகளாக வார்ப்பார்கள்; முந்தைய செக்மென்டின் முகத்தையே அச்சாக வைத்து அடுத்ததை வார்ப்பதால், மேலே தூக்கிச் சேர்க்கும்போது இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். டெல்லி, சென்னை மெட்ரோ மேம்பாதைகளில் பார்த்திருப்பீர்கள்.

அதன் வில்லங்கம் மெதுவாக வரும். பாரத்திலேயே வருடக்கணக்கில் இருந்தால் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும், க்ரீப் என்பார்கள். பசிபிக் கடலின் பலாவ் தீவுகளில் 1977இல் கட்டிய 241 மீட்டர் கொரோர் பாலம் நடுவில் ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. கூடுதல் கேபிள் போட்டு இழுத்துச் சரிசெய்தார்கள். சில மாதங்களில், 1996 செப்டம்பரில், இடிந்தே போனது.

பெயின்ட், துருப் பராமரிப்பு என்று இரும்புக்குத் தொடர்செலவு உண்டு, அது தெரிந்த கதை.

என்னைக் கேட்டால் 150 மீட்டர் வரை கான்கிரீட்தான். அதற்கு மேல் போனால் சீனாவின் சோங்சிங்கில் 2006இல் கட்டிய ஷிபான்போ பாலத்தைப் பார்ப்பேன். 330 மீட்டர் இடைவெளி. இரு ஓரமும் கான்கிரீட், எடை உறுத்தும் நடுவில் மட்டும் ஏறத்தாழ 100 மீட்டருக்கு இரும்புப் பெட்டி.