பாயிண்ட்டா, எலெக்ட்ரானிக்கா? 78 மாடல் புல்லட்டோடு என் அனுபவம்

நண்பர் ஒருவர் பழைய புல்லட் வாங்கி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பாயிண்ட்டையே (கேம் என்ற சுற்றும் மேடு தள்ளத் தள்ளத் திறந்து மூடி, ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்துக்கொள்ளலாமா, அதே வேலையைச் சென்சாரால் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். என்னுடையது 78 மாடல் 350, வார்ப்பிரும்பு எஞ்சின், வலது கால் கியர். ஷோவுக்குத் துடைத்து நிறுத்துகிற வண்டி இல்லை, மழையிலும் போகும், மளிகைக்கும் போகும்.

வண்டியின் 6 வோல்ட் எலெக்ட்ரிக்கலை 12 ஆக்கியதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. அந்தப் பழைய ஹெட்லைட்டை நம்பி இன்றைய ஈசிஆரில் ராத்திரி போக முடியாது. பேட்டரி, ரெகுலேட்டர், காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜ் தருவது), ஹாரன், பல்பு எல்லாம் மாறின, வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. "ஒரிஜினல் போச்சே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட் ஆலையிலிருந்து பாகங்கள் வந்து சென்னையில் பூட்ட ஆரம்பித்த வடிவம்தான் இது. அங்கே கடையைக் கட்டிய பிறகும் திருவொற்றியூரில் சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்துச் சாமான் இன்னொரு வருஷத்து வண்டியில் உட்கார்ந்துவிடும். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கியதில் எது எந்த வருஷத்தது என்று சத்தியம் பண்ணிச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் பாயிண்ட் விஷயத்தில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. பாயிண்ட் திறக்கும்போது கேப் (இடைவெளி) 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, கேம் மேட்டில் பாயிண்ட் முழுசாகத் திறந்ததும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு வரும்படி வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால், இறுக்குகிற அந்தக் கடைசிக் கால் சுற்றில் கேப் நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இப்போது கடைகளில் கிடைக்கிற டூப்ளிகேட் பாயிண்ட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. கேம் மேல் உரசுகிற அந்தச் சின்ன ஹீல் சீக்கிரமே தேய்ந்து, கேப் மூடி, டைமிங் பின்னால் போய், அதாவது பொறி தாமதமாக விழுந்து, வண்டி இழுக்காமல் சூடேறி நிற்கும். பாயிண்ட் முனை பொறியில் கருகாமல் காக்கும் கண்டன்சரும் அப்படித்தான். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும், ஆறினால் ஓடும், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக இருக்கும்.

வெறுத்துப்போய் கிட் போட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், அருமையான சாமான். பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார் தட்டு, எதையும் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. காலையில் உடனே எடுக்கிறது, ஐடிலிங் கடிகாரம் மாதிரி. மழை, வெயில், டிராஃபிக், எதிலும் ஒரு குறை இல்லை. ஒரே நிபந்தனை, பேட்டரி நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை இழந்தேன், ஆம்பியர் மீட்டர், அதாவது பேட்டரிக்குக் கரண்ட் வருவதையும் அதிலிருந்து போவதையும் முள்ளால் காட்டும் மீட்டர். பாயிண்ட் வண்டியில் சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடது பக்கம் சாயும், பாயிண்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அழுத்தினால், கம்ப்ரஷன் கால் அடியில் கெட்டியாகிற இடத்தில் பாயிண்ட் திறந்து முள் நடுவுக்கு வந்து நிற்கும். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு இம்மி தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. பலமே வேண்டாம், கிக்கர் ரிட்டர்ன் அடிக்காது, ஐம்பது கிலோ ஆளும் ஸ்டார்ட் பண்ணலாம். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று வண்டியே காட்டிக்கொடுக்கிறது! நான் போட்ட கிட்டில் எஞ்சின் சுற்றாதபோது காயிலுக்குக் கரண்ட் போகாது. அதனால் முள் அசையவே அசையாது. கால் அடியில் உணர்வதை மட்டும் நம்பி மிதிக்க வேண்டியதுதான்.

அந்த முள்ளை நான் அவ்வளவு நம்பியிருந்தேன் என்பது அது நின்ற பிறகுதான் புரிந்தது. கிட்டைக் கழற்றி, பாயிண்ட்டை மறுபடி மாட்டிவிட்டேன். சரி, உங்களுக்கு என்ன சொல்வது? தினமும் ஆபீஸ் போகிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிட் போடுங்கள். பழைய பாயிண்ட் தட்டைத் தூக்கிப் போடாமல் டூல்பாக்ஸில் வையுங்கள். என் கிட் இப்போது சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பதிலுக்கு எங்கேயாவது பழைய ஸ்டாக் பாயிண்ட் கண்ணில் பட்டால் எனக்கு இரண்டு செட் வாங்கி வையுங்கள்.