உருளைக்கிழங்கு: சோற்றுக்குத் துணையா, சோற்றுக்கு மாற்றா?

சாம்பார் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் இன்னொரு கரண்டி சோறு தானாக உள்ளே போகும். வில்லங்கமே அங்கேதான். நம் இலையில் உருளை 'கறி' என்ற பெயரில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பதோ சோற்றில் உள்ள அதே மாவுச்சத்து. தினமும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம்கூட உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, சோற்றோடு நேராகவே மோதவிட்டுப் பார்ப்போம். தோலோடு வேகவைத்த உருளை 300 கிராம், வெள்ளைச் சோறு 200 கிராம் எடுத்துக்கொண்டால் இரண்டிலும் ஏறத்தாழ 260 கலோரி. புரதமும் சமம், 5 கிராமுக்குச் சற்று மேலே. மற்ற சத்துகள் பலவற்றில் உருளைதான் முந்துகிறது. பொட்டாசியம் உருளையில் 1,000 மில்லிகிராமைத் தாண்டும், சோற்றில் சுமார் 70. நார்ச்சத்து உருளையில் 5 கிராம் வரும், சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. வைட்டமின் சி சோற்றில் கிடையவே கிடையாது.

வயிறு நிறைவதிலும் அப்படித்தான். சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது வயிற்றை அதிகம் நிறைவாக வைக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால் வெள்ளைச் சோற்றுக்கு 138, வேகவைத்த உருளைக்கு 323. அதுதான் முதலிடம். 'கிழங்கு தின்றால் குண்டாகிவிடுவாய்' என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயின் பழியைக் கிழங்கின் தலையில் போடுகிறார்கள்.

ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'சோற்றை விட்டுவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு உருளையை அளவில்லாமல் சாப்பிடும் சர்க்கரை நோயாளி தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார். வேகவைத்து நன்றாக ஆறவிட்டால் மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும். பழைய சோற்றிலும் நடப்பது இதுதான்.

பீன்ஸ், அவரை, கோவைக்காயோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ். 100 கிராம் வெந்த பீன்ஸில் சுமார் 35 கலோரிதான்; உருளையில் 87. பொரியலின் இடத்தை உருளை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு இலையில் காயே இல்லை என்று அர்த்தம். பூரிக்குக் கிழங்கு மசால், மசால் தோசை, சமோசா எல்லாமே மாவுக்குத் துணையாக மாவு. ருசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, பூரிக்கு அந்த மசால்தான்.

இப்போது உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்கள் உருளையை ஒதுக்கிவிட்டு சர்க்கரைவள்ளிக்கு மாறுகிறார்கள். கலோரியில் சர்க்கரைவள்ளி கொஞ்சம்தான் குறைவு, பொட்டாசியத்தில் உருளைதான் மேல். சர்க்கரைவள்ளிக்குப் பெயர் வாங்கித் தருவது வைட்டமின் ஏ. அது ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்கில்தான் கொட்டிக் கிடக்கிறது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்று நம் சந்தையில் கிடைக்கும் கிழங்கில் மிகக் குறைவு. அதை அவித்தால் சர்க்கரை மெல்ல ஏறும், சுட்டால் வேகமாக ஏறும். வாசனைக்குச் சுட்டதுதான் ஜெயிக்கும், என்ன செய்வது!

சிப்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். அதைக் கிழங்கு என்று அழைப்பதே மரியாதைக்காகத்தான்.

என் கணக்கு இது: உருளை சமைக்கும் நாளில் சோற்றில் ஒரு கரண்டி குறையும், கீரையோ பொரியலோ தனியாக வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மேலே நான் புகழ்ந்த பொட்டாசியமே அவர்களுக்கு எமன். உருளையைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணிசமாகக் குறையும். அப்போதும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.